மில்லா நம்மூர் மைதானத்தில் ஆடிய காலம்

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் மேடையில் கால்பந்துப் பேச்சு எதற்கு என்று முன்வரிசையில் ஒரு பெரியம்மா கேட்டார், நியாயமான கேள்விதான். நம் சங்கத்து அண்ணன்மார் நாலைந்து பேர் நாற்பதைத் தாண்டிய பிறகு மறுபடி பூட்ஸ் மாட்டப்போகிறார்களாம், அவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லு என்று என்னை ஏற்றிவிட்டார்கள்.

நம் ரீயூனியன் தீவின் இந்த சேன்-பியேரில் இதைப் பேசாமல் வேறு எங்கே பேசுவது? 1989இல் பிரான்சின் மோன்பெலியே அணியை விட்டுவிட்டு கேமரூன் ஆட்டக்காரர் ரோஜர் மில்லா வந்து இறங்கியது நம் ஜே.எஸ். சேன்-பியெர்வாஸ் அணிக்குத்தான். எனக்கு அப்போது பதினைந்து வயது. பெரிய ஆட்டமெல்லாம் முடிந்து தீவில் வெயில் காய வந்த மனுஷன் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்புறம் கேமரூன் அதிபர் பால் பியா கேட்டுக்கொள்ள, 38 வயதில் 1990 உலகக் கோப்பைக்குப் போனார், நாலு கோல் போட்டார், கோல் போட்டதும் மைதானத்து மூலைக் கொடிக்கம்பத்தருகே ஆடிய நடனத்தை உலகமே பார்த்தது.

ஆனால் அந்தப் போட்டித் தொடரில் அவர் ஒரு ஆட்டத்திலும் தொடக்கத்திலிருந்து ஆடவில்லை. எல்லாமே மாற்று ஆட்டக்காரராக இறங்கியதுதான். கொலம்பியாவோடு நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவேளைக்குப் பிறகு இறங்கியவர் கூடுதல் நேரத்தில், 106ஆவது நிமிடத்தில் ஒரு கோல், சில நிமிடத்தில் இன்னொன்று. கொலம்பியாவின் கோல் கீப்பர் இகிதா கோலுக்கு முன்னாலுள்ள பெட்டியை விட்டு வெளியே வந்து பந்தோடு வித்தை காட்டப்போக, மில்லா தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினார். எதிராளிகள் பலருடைய கால்களில் நூறு நிமிடத்துக்கு மேல் ஓடிய களைப்பு, இவர் ஓடியதோ ஏறக்குறைய அதில் பாதி. வயதாகும்போது முதலில் போவது அந்த முதல் அஞ்சு அடி வேகம்தான். அதை மிச்சம் பிடித்து வைத்து, மற்றவர்கள் தளர்ந்த நேரத்தில் எடுத்துச் செலவழித்தார், அவ்வளவுதான் சூட்சுமம். 1994இல் 42 வயதில் ரஷ்யாவுக்கு எதிராகக் கோல் போட்டபோதும் மாற்றாகத்தான் வந்தார். அந்த ஆட்டத்தில் கேமரூன் 6-1 என்று தோற்றது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருது வாங்கிய பிரெஞ்சுக்காரர் பாப்பேனும் கடைசிக் காலத்தில் இங்கே ஆடியிருக்கிறார். 2015இல் இன்னொரு பிரெஞ்சு ஆட்டக்காரர் ஜிப்ரில் சிஸ்ஸே வந்தார். இரண்டு காலும் வெவ்வேறு சமயத்தில் முறிந்து மீண்டவர், இடுப்பு ஒத்துழைக்காமல் அதே வருஷம் ஓய்வு என்றார். பிரெஞ்சு முதல் பிரிவில் 96 கோல், இன்னும் நாலு போட்டால் நூறு. அந்த நாலு அவரைத் தூங்கவிடவில்லை. திரும்பி வந்து சுவிட்சர்லாந்தில் மூன்றாம் பிரிவு அணிக்கு ஆடி, இருபதுக்கு மேல் கோல் அடித்தார். ஆனால் அந்த நாலு வரவே இல்லை. எனக்கு அவர்மேல் பரிதாபம் கிடையாது, கொஞ்சம் பொறாமைதான்.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று இங்கே ஒரு அண்ணன் குரல் கொடுக்கிறார். சரி அண்ணே, ஆனால் எதிரே நிற்பது குதிரை இல்லை, இருபது வயது மான். போன வருஷம் அந்த மானை விரட்டப்போய்த்தான் பத்தாவது நிமிடத்திலேயே கெண்டைக்கால் சதை பிடித்து, எம் பையனே என்னைத் தூக்கிக்கொண்டு வந்தான், அவன் அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை முதல் பாதியில் நான் பெஞ்சில் இருப்பேன். யார் யார் என் பக்கத்தில் உட்காருகிறீர்கள் என்று சாப்பாட்டுக்குப் போகும் முன்னே பேர் கொடுத்துவிடுங்கள்.