வரிசையை விட்டுப் போகாதீர்கள்: அமெரிக்க வாக்குச்சாவடி வாசலில் கட்சி சாராத தன்னார்வலர்கள்

[திரையில்: வாக்குச்சாவடி வாசல். ஓர் அம்மாவும் மகனும் உள்ளே நுழைகிறார்கள்.]

2014 அக்டோபர். டெக்ஸஸ் மாநிலம், வில்லியம்சன் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது). வங்காள மொழி பேசும் ஓர் அம்மா ஓட்டுப் போட வருகிறார். இந்தியாவிலிருந்து வந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பதால் மகனையும் கூட்டி வந்திருக்கிறார். "அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லத்தான் வந்தேன்" என்று மகன் அங்கிருந்த ஊழியர்களிடம் சொல்கிறார்.

அந்த ஒரு வார்த்தையே வினையாகிவிட்டது.

[திரையில் இரண்டு சொற்கள்: உதவியாளர் / மொழிபெயர்ப்பாளர்]

அன்றைய டெக்ஸஸ் சட்டத்தில் உதவியாளர் வேறு, மொழிபெயர்ப்பாளர் வேறு. மொழிபெயர்ப்பாளர் என்றால் அதே கவுன்ட்டியில் பதிவான வாக்காளராக இருக்க வேண்டும். மகனின் பதிவோ பக்கத்துக் கவுன்ட்டியில். அவரை அனுமதிக்கவில்லை. பிடிபடாத வாக்குச்சீட்டோடு அம்மா தனியாகத்தான் நின்றார். "உதவிக்கு வந்தேன்" என்று மகன் சொல்லியிருந்தால் கதையே வேறு.

இத்தனைக்கும் நாடு முழுவதற்குமான சட்டம் அந்த அம்மாவின் பக்கம்தான் இருந்தது. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தில் 1982ல் சேர்த்த 208ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பார்வை இல்லாதவர், மாற்றுத்திறனாளி, எழுதப் படிக்க முடியாதவர், யாராக இருந்தாலும் தான் விரும்பும் ஒருவரை உதவிக்கு அழைத்துக்கொள்ளலாம். வேலை கொடுக்கும் முதலாளியோ அவருடைய ஆளோ தொழிற்சங்க நிர்வாகியோ மட்டும் கூடாது. டெக்ஸஸின் விதி இந்தப் பிரிவுக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2017ல். நல்ல தீர்ப்புதான். ஆனால் 2014 தேர்தல் முடிந்து எத்தனை காலம் ஆகிவிட்டது!

தேர்தல் உரிமையில் உள்ள கொடுமையே இதுதான். மற்ற உரிமைகள் பறிபோனால் பின்னால் வழக்குப் போட்டு மீட்கலாம். போடாமல் போன ஓட்டை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது. அன்றைக்கே, அந்த வாசலிலேயே சரிசெய்தால்தான் உண்டு. அதற்காகத்தான் தன்னார்வலர்கள் அங்கே நிற்கிறார்கள்.

[திரையில்: வாசலுக்குத் தள்ளி, அட்டையும் போனுமாக இருவர்]

2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவின் முடிவு 537 ஓட்டு வித்தியாசத்தில் அமைந்தது. தகுதி இருந்தும் பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் சாட்சியங்கள் அதற்குப் பின் வெளியே வந்தன. அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்ததுதான் 'எலெக்‌ஷன் ப்ரொடெக்‌ஷன்' என்ற கட்சி சாராத கூட்டமைப்பு. வாசலில் தன்னார்வலர்கள், ஹாட்லைனில் சட்டம் தெரிந்தவர்கள். எண் 866-687-8683. ஹிந்தி, உருது, வங்காளம் உள்ளிட்ட ஆசிய மொழிகளுக்குத் தனி எண், 888-274-8683.

இவர்களைக் கட்சிகள் அனுப்பும் பார்வையாளர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கட்சிப் பார்வையாளர்கள் உள்ளே உட்கார்ந்து நடப்பதைக் கவனிப்பவர்கள். இந்தத் தன்னார்வலர்கள் பிரசாரத் தடை எல்லைக்கு வெளியே நிற்பவர்கள். பல மாநிலங்களில் அந்த எல்லை 100 அடி. சட்டையில் கட்சிச் சின்னம் இருக்காது. யாருக்கு ஓட்டு என்று கேட்கவே மாட்டார்கள். நீங்களாகச் சொன்னாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள். வெளியே வருபவரிடம் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஏதாவது சிக்கல் இருந்ததா?"

[திரையில்: ஒரு வாக்காளர் முகம் வாடி வெளியே வருகிறார்.]

"லிஸ்ட்ல என் பேர் இல்லைங்கிறாங்க."

அடிக்கடி வரும் புகார் இது. பெயர் இல்லாவிட்டாலும் ப்ரொவிஷனல் பேலட் கேட்டு வாங்கும் உரிமை, 2002ல் வந்த சட்டப்படி, பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. தகுதியைச் சரிபார்த்த பின் எண்ணப்படும் சீட்டு அது. ஆனால் எடுத்த எடுப்பில் அதைக் கேட்கச் சொல்வது தவறு என்பேன். வந்த சாவடியே தவறாக இருந்தால், பல மாநிலங்களில் அந்தச் சீட்டை எண்ணாமலே ஒதுக்கிவிடுவார்கள். அதனால் நல்ல தன்னார்வலர் முதலில் போனை எடுத்து, அவருடைய பதிவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். சரியான சாவடி இரண்டு தெரு தள்ளி இருந்தால் அங்கே போகச் சொல்வார். அங்கே அவர் போடுவது வழக்கமான ஓட்டு. சரியான இடத்திலேயே பெயர் விடுபட்டிருந்தால்தான் ப்ரொவிஷனல் பேலட். அந்த ஓட்டு எண்ணப்பட்டதா என்று பின்னால் செலவில்லாமல் தெரிந்துகொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. விவரம் எழுதிய தாளைக் கையோடு வாங்கி வரச் சொல்வார்.

இயந்திரம் பழுதானாலோ சாவடி தாமதமாகத் திறந்தாலோ தன்னார்வலர் நேரத்தைக் குறித்துக்கொள்வார்: எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை பேர் காத்திருந்தார்கள், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள். அலுப்பான வேலை. ஆனால் கூடுதல் நேரம் கேட்டு வக்கீல் அன்று மாலையே நீதிமன்றம் போனால், கையில் இருக்கும் ஆதாரம் அந்தக் குறிப்புதான்.

[திரையில்: இருட்டத் தொடங்குகிறது. நீண்ட வரிசை.]

சாவடி மூடும் நேரம். "மணி ஆயிடுச்சு, கிளம்பலாம்" என்று யாரோ முணுமுணுக்கிறார். இங்கேதான் தன்னார்வலர் குரலை உயர்த்த வேண்டும். மூடும் நேரத்துக்குள் வரிசையில் வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் ஓட்டுப் போடும் உரிமை உண்டு, எவ்வளவு நேரம் ஆனாலும். வேலை முடிந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் போய் ஒருவர் சொல்ல வேண்டும்: "நீங்க நேரத்துக்கு வந்துட்டீங்க. வரிசையை விட்டுப் போகாதீங்க."

வரிசையின் கடைசி ஆள் உள்ளே போய், ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வரும் வரை அந்தத் தன்னார்வலர் வீட்டுக்குக் கிளம்புவதில்லை.