'உனக்கு என்னைப் பிடிக்கல' என்ற பிள்ளைக்கு உடனே பதில் வேண்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் வணக்கம். கண்டித்த பிறகு ஒரு சின்னப் பிள்ளை 'உனக்கு என்னைப் பிடிக்கவே இல்லை' என்று அழுதால் உடனே அணைத்துப் பதில் சொல்வதா, கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் விடுவதா? இதுதான் தலைப்பு. உடனே பதில் சொல்ல வேண்டும் என்ற அணிக்காக நான் பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ஒரு காட்சி சொன்னார். செல்போனைப் பிடுங்கி வைத்ததும் ஐந்து வயதுப் பையன் 'நீ தம்பியைத்தான் கொஞ்சுற, என்னைப் பிடிக்கல' என்று கத்துகிறான், இது போனைத் திரும்ப வாங்க அவன் போடும் நாடகம், இன்றைக்கு அணைத்தால் நாளைக்கும் இதையே செய்வான் என்றார். போனைக் கொடுத்தால் நிச்சயம் நாளைக்கும் செய்வான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் போனைக் கொடுங்கள் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லையே! பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டு, 'உன் மேல கோபமாத்தான் இருக்கேன், அப்பவும் நீ என் தங்கம்தான், போன் இன்னைக்குக் கிடையாது' என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. போன் பீரோவிலேயே இருக்கட்டும். பிள்ளை மட்டும் நம் பக்கத்தில் இருக்கட்டும்.

நாடகம் என்றே வைத்துக்கொள்வோம். நாடகம் போட்ட பிள்ளையை அணைத்ததால் எந்த வீடும் கெட்டுப்போகாது. நிஜமாகவே பயந்துபோன பிள்ளையை 'நடிக்காதே' என்று தள்ளிவிட்டால்? அடுத்த முறை பயம் வந்தால் அது யாரிடம் போய்ச் சொல்லும்?

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே ஆள் மேல் ஒரே நேரத்தில் கோபமும் பாசமும் இருக்க முடியும் என்பது நமக்கு வெகு சாதாரணம். நான்கைந்து வயதில் அது பிடிபடுவதில்லை, ஏழெட்டு வயதுவாக்கில்தான் மெல்லப் புரிய ஆரம்பிக்கும். அதனால் அம்மா முகம் சிவந்தால் அம்மாவின் பாசம் போய்விட்டது என்றுதான் அந்த வயதுக் கணக்கு சொல்கிறது. எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த சோதனை ஒன்று உண்டு. சில மாதக் கைக்குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்த தாய், சட்டென்று முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இரண்டு நிமிடம்போல இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும், எதுவும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். அங்கே அடியும் இல்லை, திட்டும் இல்லை, பதில் வராதது மட்டும்தான். கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்று எதிரணி சொல்லும்போது எனக்கு அந்தக் குழந்தையின் நீட்டிய கைதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று, இது கொஞ்சம் கசக்கும். பாசம் போய்விடும் என்ற எண்ணத்தைப் பிள்ளைக்குக் கொடுத்ததே பல வீடுகளில் நாம்தான். 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்', 'பூச்சாண்டிகிட்டப் பிடிச்சுக் கொடுத்துடுவேன்', 'ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டுடுவேன்', 'இனிமே நான் உனக்கு அம்மா இல்லை', இதெல்லாம் நம் வீடுகளில் சோறு ஊட்டும்போதே சர்வசாதாரணமாக வந்து விழும் பேச்சு. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அடி விழுந்த அன்றைக்கு 'என்னைப் பிடிக்கல' என்று சொன்னால் அதைப் பிடிவாதம் என்பது நியாயமா?

அடிக்கிற கைதான் அணைக்கும் என்றார் எதிரணியின் பெரியவர். ஐயா, அணைக்கிறது, உண்மைதான். ஆனால் எப்போது? பிள்ளை அழுது களைத்துத் தூங்கிய பிறகு. எத்தனை அம்மாக்கள் ராத்திரி அந்தத் தலையைத் தடவிக் கண் கலங்குகிறார்கள், எத்தனை அப்பாக்கள் தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள், அவ்வளவு பாசமும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் விழித்திருந்தபோது நடந்தது மட்டும்தான். அந்த அணைப்பை இரண்டு மணி நேரம் முன்னால் கொடுங்கள் என்கிறோம், வேறொன்றும் கேட்கவில்லை.

'நாங்களெல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்' என்ற பேச்சும் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கியும்தான் வளர்ந்தோம், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்ததோடு நிற்காமல் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்று 17ஆம் பிரிவில் எழுதிவைத்திருக்கிறது. வாத்தியாரிடம் நாம் எதிர்பார்க்கும் அந்த நிதானம் வீட்டிலும் வேண்டாமா?

அப்புறம், பதில் என்றால் நீளமான பேச்சு வேண்டாம். 'உனக்காக எவ்வளவு செலவு பண்றோம் தெரியுமா' என்று ஃபீஸையும் துணிமணியையும் கணக்குச் சொல்லாதீர்கள், அழுகிற நேரத்தில் அது காதில் ஏறாது. சாக்லேட்டும் வேண்டாம். உதறிவிட்டு ஓடினால் துரத்த வேண்டியதில்லை, 'நான் இங்கதான் இருக்கேன், வரணும்னு தோணும்போது வா' என்றால் போதும்.

வேலை முடிந்து ராத்திரி வீடு திரும்பும் அம்மாவுக்கு அந்தப் பொறுமை எங்கே இருக்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவரால் அந்த நிமிடம் முடியாவிட்டால் அப்பா இருக்கிறார், ஆச்சி இருக்கிறார். ஆனால் ஆச்சி வந்து 'அம்மா கெட்டவ, நீ வா கண்ணு' என்று தூக்கிக்கொண்டு போனால் பிள்ளையின் பயத்துக்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். 'அம்மாவுக்குக் கோபம், அம்மாவுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும், கொஞ்ச நேரத்துல உன்கிட்ட வருவா' என்று சொல்லி உட்கார வைத்துக்கொள்ளட்டும். சொன்னபடி அம்மாவும் வந்துவிட வேண்டும், பிள்ளை தூங்குவதற்குள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.