பாறை எலியும் மல்லாட்டைக் கம்பளிப்பூச்சியும்

நேயர்களுக்கு வணக்கம்.

எலி என்றால் குட்டி போட்டு வீட்டையே நிரப்பிவிடும் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் சேலம் குரும்பப்பட்டிப் பக்கம் ஒரு பாறை எலி உண்டு. விலங்கியலார் வைத்த பெயர் கிரெம்னோமிஸ் எல்விரா. பாறையும் புதரும் கலந்த வறண்ட காட்டில் இரவில் மட்டும் நடமாடும். 1940-களில்தான் எல்லர்மன் என்பவர் இதைத் தனி இனம் என்று விவரித்தார். இந்தியாவை விட்டால் வேறெந்த நாட்டிலும் கிடையாது. பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருப்பவற்றோடு இதுவும் இருக்கிறது.

சரி, நம்ம பக்கம் வருவோம். விருத்தாசலம், பண்ருட்டி வட்டாரத்தில் மானாவாரி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டவர்களிடம் சிவப்புக் கம்பளிப்பூச்சி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். அதன் தாய், வெள்ளைப் பின்னிறகில் கரும்புள்ளி வைத்த ஒரு சாதாரண அந்துப்பூச்சி. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். புழு மல்லாட்டையோடு நிற்காது. தட்டைப்பயறு, ஆமணக்கு என்று கிடைத்ததைத் தின்னும். ஒரு கொல்லையை மொட்டையடித்துவிட்டு வரப்பேறி அடுத்த கொல்லைக்குப் படையாகப் போகும்.

எனக்கு வியப்பு அதன் பொறுமைதான். தின்று முடித்த புழு வரப்போரத்திலும் மரத்தடியிலும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, எட்டுப் பத்து மாதம் அப்படியே கிடக்கும். கோடை கழிந்து நல்ல மழை இறங்கினால்தான் அந்துப்பூச்சிகள் எழும்பும். அதுவும் மொத்தமாக! விதைப்பும் அதே மழையில்தான். அதனால்தான் மழை பெய்த அன்று மாலையே, வெளிச்சத்தைத் தேடி வரும் அந்துப்பூச்சிகளைப் பிடித்து அழிக்கக் கொல்லையில் விளக்குப்பொறி வையுங்கள், தீ மூட்டுங்கள் என்கிறோம். கோடை உழவில் கூட்டுப்புழு மேலே வந்தால் மைனாவும் காக்கையும் பார்த்துக்கொள்ளும்.

இத்தனை பேர் விரட்டியும் இந்தப் பூச்சி குறையாததற்குக் காரணம், அதற்கு வேண்டியதை நாமே ஆண்டுதோறும் விதைத்துத் தருகிறோம். பாறை எலிக்கு அப்படி யாரும் தருவதில்லை. அதன் காட்டில் விறகு வெட்டுகிறார்கள், புதரை அழித்து நிலமாக்குகிறார்கள். யாரும் அதைத் தேடிப்போய் அடிப்பதில்லை. இருக்க இடம்தான் குறைந்துகொண்டே போகிறது. என்னைக் கேட்டால், அந்த எலியைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பதைவிட, அது வாழும் பாறைக்காட்டை வெட்டாமல் விடுவதுதான் முதல் வேலை.