பேய் காதுவழியாக வருகிறது

அவைத்தலைவர் அவர்களுக்கும் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும் வணக்கம். ‘பயம்’ என்ற தலைப்பைக் கொடுத்துவிட்டார்கள். பெரிய பயங்களைப் பற்றிப் பேசத் தகுதியானவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். நான் பேய்ப்படத்துக்குப் பயந்த கதையைச் சொல்கிறேன். முன்வரிசையில் இப்போதே சிரிப்பு கேட்கிறது. கேட்கட்டும்.

எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் ஆரம்பித்தது அது. எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா இரண்டாம் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தோம். முதல் அலறல் வந்ததுமே சித்தப்பாவின் துண்டைப் பிடுங்கி முகத்தை மூடிக்கொண்டேன். வியர்வையும் பீடியும் கலந்த வாசனை. படம் முடியும்வரை எடுக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை, கேட்டேன். திரையில் பேய் எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது. துண்டுக்குள் நானே செய்துகொண்ட பேய்க்குக் கண் இல்லை, பாதம் பின்னோக்கித் திரும்பியிருந்தது. அது ஓடைக்கரைப் புளியமரத்தில் குடியேறியது. சித்தப்பாவின் சைக்கிள் கேரியரில் அந்த மரத்தைக் கடந்துதான் வீடு திரும்ப வேண்டும்.

அதற்குப் பிறகு நாற்பது வருடம் பேய்ப்படத்தின் விளம்பரம் வந்தால்கூடத் தொலைக்காட்சியை அணைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் கழிவறை கொல்லையில் இருக்கிறது. நடு இரவில் நான் எழுந்தால் என் கணவரும் எழுந்து பின்வாசலில் காவல் நிற்க வேண்டும். பாவம், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

வழி சொன்னவள் என் மகள். “சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாரம்மா” என்றாள். காலை பதினொரு மணி, ஜன்னல் திறந்திருக்கிறது, தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போகிறார், மடியில் ஒரு கிண்ணம் முறுக்கு. சின்னக் கைபேசித் திரையில் ஒரு பெண் நடக்கிறாள், கதவு திறக்கிறது, முகத்தில் மாவு பூசிய ஒருவர் நிற்கிறார். அவ்வளவுதானா! எங்கள் ஊர் திருவிழாவில் இதைவிட நன்றாக வேஷம் கட்டுவார்களே!

இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ என்ற திகில் படம் 1960இல் வந்தது. அதில் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின் முதலான தந்திக் கருவிகளை மட்டும் வைத்துக் கிரீச்சிடும் இசை ஒன்றைப் போட்டுக் காட்டினார். கேட்ட பிறகு ஹிட்ச்காக் மனம் மாறினார். ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கத்தி இறங்கும் ஓசை, முலாம்பழ வகை ஒன்றைக் குத்தி எடுத்தது. சமையலறைச் சாமான்கள்! நானோ கண்ணைப் பொத்திக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தேன். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை.

மகள் சொன்ன வழி புதிதல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924இல் எழுதியிருக்கிறார். முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவன், மூன்று வயதுகூட நிரம்பாதவன். அவன் பிடித்ததைச் சாப்பிடும் நேரத்தில், கூண்டிலிருக்கும் முயலைத் தூரத்தில் வைத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் அவன் விரலைக் கொறித்தது, அவனும் பேசாமல் கொறிக்க விட்டான். அவனுக்குச் சாப்பாடு, எனக்கு முறுக்கு.

நானும் சத்தத்தை ஐந்தில் வைத்தேன், பத்தில் வைத்தேன், இருபதுக்குப் போனேன். ஒரே காட்சியை ஏழு முறை பார்த்தேன். மூன்றாம் முறைவரை நெஞ்சு அடித்துக்கொண்டது, மறைக்க என்ன இருக்கிறது? ஏழாம் முறை, பேயின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டிய வெளிறிய தடம் கண்ணில் பட்டது.

இதைக் கேட்டுவிட்டு வீட்டில் பயந்த பிள்ளையைப் பிடித்துத் திரைமுன் உட்கார வைத்துவிடாதீர்கள். சித்தப்பா அன்புடன்தான் அழைத்துப் போனார். பிடிக்காதவர்கள் பார்க்காமலே இருக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. என் வீட்டில் இன்னொருவர் தூக்கம் கெட்டுக்கொண்டிருந்தது, அதனால் இறங்கினேன்.

இப்போது பின்வாசலில் காவல் இல்லை. அந்தப் புளியமரமும் இல்லை, சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். ஊருக்குப் போனால் அந்த இடத்தில் மட்டும் என் ஸ்கூட்டர் கொஞ்சம் வேகமெடுக்கிறது.