புத்தகத்தை எழுதியது யார் என்று வாசகருக்கும் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. செயற்கை நுண்ணறிவு என்றதும், எழுத்தாளர்களின் நூல்களை அனுமதி கேட்காமல் எடுத்துப் பயன்படுத்திய வழக்குகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அது பெரிய விஷயம்தான். திருட்டுத் தளங்களிலிருந்து நூல்களைப் பதிவிறக்கியது தொடர்பான வழக்கில், செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஆந்த்ரோபிக் 2025 செப்டம்பரில் 150 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. ஆனால் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, யாரும் அதிகம் கவனிக்காத இன்னொரு பக்கத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். அது புத்தகம் விற்கப்படும் இடம்.

அமெரிக்காவில் பதிப்புத் தொழிலைப் பற்றி நீண்ட காலமாக எழுதிவருபவர் ஜேன் ஃபிரீட்மேன். 2023 ஆகஸ்டில், அவர் எழுதவே எழுதாத சில நூல்கள் அவருடைய பெயரைத் தாங்கி அமேசானில் விற்பனையாகிக்கொண்டிருந்தன. அவை இயந்திரம் எழுதியவை என்பதைப் படித்த உடனேயே புரிந்துகொண்ட அவர், அவற்றை நீக்கும்படி கேட்டபோது, அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருக்கிறீர்களா என்ற கேள்விதான் பதிலாக வந்தது. அவர் பொதுவெளியில் எழுதி, செய்தியாளர்கள் அதைக் கையில் எடுத்த பிறகே அந்த நூல்கள் நீக்கப்பட்டன. தம் சொந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவைத்திருக்கும் எழுத்தாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நம் ஊரில் இனிஷியலை வைத்துத்தான் ஒரு குமாரையும் இன்னொரு குமாரையும் பிரித்தறிகிறோம். அவர்களில் யார் எந்தக் குமாரைப் பதிவு செய்வது?

அதே மாதத்தில், காட்டுக் காளான்களை அடையாளம் காண உதவும் கையேடுகள் என்ற பெயரில் இயந்திரம் எழுதியவையாகத் தோன்றும் நூல்கள் விற்பனையில் இருப்பதாக நியூயார்க்கின் காளான் ஆர்வலர் சங்கம் எச்சரித்தது. மோசமான நாவலை வாங்கியவர் நூறு ரூபாயை இழப்பார். காளான் கையேட்டை நம்பியவர் எதை இழப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு அடுத்த மாதம் அமேசான் தன் கேடிபி தளத்தில், அதாவது நாமே மின்னூல் வெளியிடும் அந்தத் தளத்தில், புதிய விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு மூன்று புதிய நூல்களுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது ஒரு விதி. ஒரு நாளைக்கு மூன்று நூல்! வாழ்நாளில் மூன்று நாவல் எழுதியவர்களை நாம் இன்னும் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். இன்னொரு விதிதான் எனக்கு முக்கியம்: நூலின் உரையையோ படங்களையோ மொழிபெயர்ப்பையோ செயற்கை நுண்ணறிவு உருவாக்கியிருந்தால், பிறகு நீங்கள் எவ்வளவு திருத்தியிருந்தாலும், அதை நிறுவனத்திடம் தெரிவித்தாக வேண்டும். நீங்களே எழுதிவிட்டுப் பிழை திருத்தவோ யோசனை கேட்கவோ மட்டும் பயன்படுத்தியிருந்தால் தெரிவிக்கத் தேவையில்லை. நியாயமான பிரிவினைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நூலை ஏற்றுகிறவர் படிவத்தில் தரும் அந்தப் பதில் அமேசானிடமே தங்கிவிடுகிறது. பணம் கொடுத்து வாங்குகிறவர் பார்க்கும் பக்கத்தில் அது வருவதில்லை.

முத்திரையிடுவது கடினம் என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதே நிறுவனம் வேறு இடங்களில் அதைச் செய்கிறது. கணினிக் குரலில் வாசிக்கப்பட்ட ஒலிநூல்களில், வாசித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘வர்ச்சுவல் வாய்ஸ்’ என்று இருக்கும். 2025 நவம்பரில் தொடங்கப்பட்ட கிண்டில் டிரான்ஸ்லேட் சேவையில் மொழிபெயர்க்கப்படும் நூல்களுக்கும் ‘கிண்டில் டிரான்ஸ்லேட்’ என்றே முத்திரை உண்டு. வாசித்தது இயந்திரம் என்று சொல்வதற்குத் தயங்காதவர்கள், எழுதியது இயந்திரம் என்று சொல்வதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்? விற்பனை குறைந்துவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பொய் சொல்கிறவர் அங்கேயும் பொய்தானே சொல்வார் என்று நீங்கள் கேட்கலாம். சொல்வார். கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பவும் முடியாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அத்தகைய கருவிகள் தவறாகக் குறித்ததை 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனாலும் வாசகருக்குத் தெரியும்படி பொய் சொல்வதும், யாரும் பார்க்காத ஒரு படிவத்தில் பொய் சொல்வதும் ஒன்றல்ல. முன்னதற்கு வாங்கியவர் சட்டையைப் பிடிக்கலாம். அமெரிக்க எழுத்தாளர்களின் சங்கமான ஆத்தர்ஸ் கில்டு 2025 ஜனவரியில் தொடங்கிய, மனிதர் எழுதியது என்ற சான்று முத்திரையும் எழுத்தாளரின் உறுதிமொழியை நம்பித்தான் இயங்குகிறது. அந்த முயற்சியை மதிக்கிறேன். என்றாலும், நான் மனிதன்தான் என்று எழுதுகிறவனே முத்திரை தேடி அலைய வேண்டியிருப்பது எனக்கு உறுத்துகிறது.

கிண்டிலில் தமிழ் நூல்களை நாமே வெளியிடும் வசதி இருப்பதால், இது எங்கோ நடப்பது என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது. தமிழில் இந்தச் சிக்கல் நாவல்களைவிட மொழிபெயர்ப்புகளின் வழியாகத்தான் முதலில் நுழையும் என்பது என் கணிப்பு. பதிப்புரிமைக் காலம் முடிந்த ஒரு ரஷ்ய நாவலின் ஆங்கில வடிவத்தை இயந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கி, மொழிபெயர்ப்பாளர் என்று தன் பெயரைப் போட்டு விற்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதே நாவலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய ஒருவரின் நூல் அதன் பக்கத்திலேயே இரண்டு மடங்கு விலையில் இருக்கும். இரண்டும் எப்படி உருவாயின என்பதை வாங்குகிறவர் எதை வைத்துத் தெரிந்துகொள்வார்?

ஆகவே நான் கேட்பது இயந்திரத்துக்குத் தடை அல்ல. மின்னூலின் விவரப் பக்கத்தில் மொழி, பக்கங்களின் எண்ணிக்கை, வெளியான தேதி ஆகியவை வரிசையாக இருக்கின்றன. எழுதியவர் படிவத்தில் ஏற்கெனவே கொடுத்த அந்தப் பதிலையும் அவற்றுக்குக் கீழே ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். நம் தமிழ்ப் பதிப்பகங்களும் அச்சு நூலின் பதிப்பு விவரப் பக்கத்தில், உரிமை அறிவிப்புக்குப் பக்கத்தில், அதே வரியை இப்போதே சேர்க்கலாம். அதற்கு அமேசானின் அனுமதி தேவையில்லை.