நட்ட மறுநாள் மதியம்

நேயர்களுக்கு வணக்கம்.

தக்காளி நாற்றை நட்டவர்கள் மறுநாள் மதியம் தோட்டத்துப் பக்கம் போனால் கொஞ்சம் பதறித்தான் போவார்கள். முந்தின நாள் மாலை நிமிர்ந்து நின்ற நாற்று, இலைகளையெல்லாம் தொங்கப்போட்டு, தலை கவிழ்ந்து நிற்கும். அடடா, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறதே என்று கை தானாகவே குவளையைத் தேடும். இன்று பெரும்பாலும் அந்தக் குவளையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் முதன்முதலாக வீட்டுத் தோட்டத்தில் 12 நாற்றுகள் நட்டேன். மதியம் வாடியதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் வாடியது, மறுபடி ஊற்றினேன். நாலாம் நாள் காலையில்கூட அவை நிமிரவில்லை. பயந்துபோய் இரண்டு வேளையாக ஊற்ற ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் 9 நாற்றுகள் போய்விட்டன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் பழுப்பாக, வழவழவென்று, விரலால் உருவினால் தோல் தனியே கழன்று வந்தது. அழுகல் நாற்றம் வேறு. தாகத்தில் செத்த செடியின் வேர் அப்படி இருக்காது. மூழ்கடித்தது நான்தான்.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாற்றின் வேர் நுனிகளுக்குச் சற்று மேலே பஞ்சு போல மெல்லிய தூவிகள் இருக்கும். வேர்த்தூவி என்பார்கள். மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு இவற்றினுடையது. நாற்றைப் பிடுங்கும்போதும், குழித்தட்டிலிருந்து தட்டி எடுக்கும்போதும் இவற்றில் நிறைய அறுந்துபோகும். நாம் எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் கொஞ்சமாவது போகும். ஆனால் மேலே இலைகள் அதே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. வெயில் ஏற ஏற அவை நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வரவு பாதியாகிவிட்டது, செலவு அப்படியே இருக்கிறது. மதியத்தில் கணக்கு உதைக்கிறது, இலை தொங்குகிறது. தொங்கிய இலையில் வெயில் நேராக விழாது என்பதால் ஆவியாவதும் கொஞ்சம் குறையும். அந்த வகையில், அந்த வாட்டம் செடி தன்னைக் காத்துக்கொள்வதும்தான்.

அதனால் மதியத்துச் செடியைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். வெயில் தாழ்ந்ததும் போய்ப் பாருங்கள். அப்போதும் நிமிரவில்லையா, மறுநாள் காலை பாருங்கள். காலையில் நிமிர்ந்திருந்தால் எல்லாம் சரியாகத்தான் போகிறது. காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் உடனே குவளையை எடுக்காமல், ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். விரல் நுனியில் மண் உதிரியாக, காய்ந்து இருந்தால் தண்ணீர் விடுங்கள். சேறாக ஒட்டினால் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள். வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றைத்தான் அது சுவாசிக்கிறது. அந்த இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேருக்கு மூச்சுத் திணறும், உறிஞ்சும் வேலையே நின்றுபோகும். ஆகவே தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடும். மேலிருந்து பார்த்தால் தாகத்தில் வாடுவதும் இதுவும் ஒரே மாதிரிதான் தெரியும். நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

சரி, எவ்வளவுதான் ஊற்றுவது? நட்டவுடன் தாராளமாக ஒரு தடவை. வேரைச் சுற்றி மண் அணைந்து, இடையில் இருக்கும் பொந்துகள் அடைபட இது அவசியம். அடுத்த மூன்று நாலு நாள் காலையில் மட்டும், அதுவும் விரலைக் கேட்டுவிட்டு. தண்டின் அடியில் மெதுவாக விடுங்கள், இலைமேல் தெளிக்காதீர்கள். மண் தெறித்து அடியிலைகளில் ஒட்டினால் அதோடு பூஞ்சை வித்துகளும் ஏறிவிடும். அப்புறம் இலையில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி வந்ததே என்று யோசித்துக்கொண்டிருப்போம். ஒரு வாரம் கழிந்தபின் தண்ணீரைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி விடுங்கள். வேர் அதைத் தேடிக்கொண்டு பரவும்.

நடும் ஆழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தக்காளித் தண்டின் அடிப்பகுதியைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தால், சின்னச் சின்ன முண்டுகள் தெரியும், சிலிர்ப்பு எழுந்த தோல் மாதிரி. அவை வேராகக் காத்திருப்பவை. மண்ணும் ஈரமும் பட்டால் அங்கிருந்து வேர் கிளம்பும். அதனால் தக்காளியை நாற்றங்காலில் இருந்ததைவிட ஆழமாக நடலாம். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே நாலைந்து இலைகள் தெரிந்தால் போதும் என்று புதைத்துவிடலாம். வெளிச்சம் போதாமல் ஒடிசலாக நெடுநெடுவென்று வளர்ந்த நாற்றா? ஒரு சாய்வான பள்ளம் எடுத்து அதைப் படுக்கவைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு மண்ணை அணைத்துவிடுங்கள். ஓரிரு நாளில் தலை தானே வெளிச்சத்தை நோக்கி நிமிர்ந்துகொள்ளும். ஒட்டுக்கட்டிய நாற்றாக, அதாவது ஒரு செடியின் வேர்ப்பகுதிமேல் இன்னொரு செடியின் தண்டை ஒட்டி வளர்த்ததாக இருந்தால் இந்த வித்தை வேண்டாம். ஒட்டு மண்ணுக்கு மேலேதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் மேல் தண்டே வேர்விட்டு, ஒட்டுக்கட்டியதன் பலன் போய்விடும்.

நிழலைப் பற்றி. மாலையில் நடுங்கள், மேகமூட்டமான நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்று நாலு நாளைக்கு உச்சிவெயிலுக்கு மட்டும் ஒரு அட்டையோ, கவிழ்த்த கூடையோ, இலைதழையோ மறைப்பாக இருக்கட்டும். நாள் முழுக்க மூடிவைக்காதீர்கள், தக்காளிக்கு ஆறு முதல் எட்டு மணி நேர வெயில் வேண்டும். நிழலிலேயே வளர்ந்த நாற்றை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலையில் வெள்ளைத் திட்டுகள் விழும். அது நோய் இல்லை, வெயில் சுட்டது. அந்தத் திட்டு ஆறாது, ஆனால் புது இலைகள் சுத்தமாக வரும். அதற்காக மருந்து தேடி அலைய வேண்டாம். நடுவதற்கு முந்தைய ஒரு வாரம் நாற்றைத் தினமும் சிறிது சிறிதாக நேரம் கூட்டி வெயிலில் வைத்துப் பழக்கியிருந்தால் இந்தத் தொல்லையே இருக்காது.

உரம்? முதல் இரண்டு வாரம் கை வைக்காதீர்கள். குழியில் மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ கலந்திருந்தால் அதுவே போதும். அறுபட்ட வேர்மீது ரசாயன உரத்தின் உப்பு பட்டால் கருகும். வேர் பிடிப்பதற்கு முன்னால் யூரியா போடுவது, காய்ச்சலில் கிடப்பவர்முன் விருந்து பரிமாறுவது மாதிரி.

இன்னொரு காட்சியும் காத்திருக்கும். காலையில் போனால் நாற்று தரையோடு தரையாக, கத்தரித்துப் போட்டது மாதிரி விழுந்து கிடக்கும். பக்கத்து வீட்டுக் கோழியையோ குழந்தையையோ சந்தேகப்படுவதற்கு முன்னால், தண்டைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைக் கிளறிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், தொட்டால் வளையமாகச் சுருண்டுகொள்ளும் கொழுத்த புழு ஒன்று கிடைக்கும். வெட்டுப்புழு. இரவில் வெளியே வந்து அறுக்கும், பகலில் மண்ணுக்குள் தூங்கும். அடியை வெட்டிய காகிதக் குவளை ஒன்றை நடும்போதே தண்டைச் சுற்றி, இரண்டு விரல்கடை மண்ணுக்குள்ளும் மீதி வெளியிலுமாகச் செருகிவிட்டால் போதும், புழுவால் தண்டை நெருங்க முடியாது. இதைவிட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

குச்சி ஊன்றுவதை நட்ட அன்றே செய்துவிடுங்கள். செடி வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், குச்சி இறங்கும் இடத்தில் வேர் பரவியிருக்கும், குத்தி அறுத்துவிடுவோம். கட்டும் துணிநாடாவை எட்டு வடிவத்தில் சுற்றுங்கள். குச்சிக்கும் தண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தால், காற்றில் ஆடினாலும் தண்டு உரசாது. மண் காயாமலிருக்க மேலே மூடாக்கு போடுவதானால் காய்ந்த சருகு ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு, தண்டைத் தொடாமல்.

நட்ட புதிதிலேயே பூ விட்டால் அதைக் கிள்ளிவிடச் சொல்வேன். மனசு வராது, எனக்கும் வராது. ஆனால் வேர் பரவ வேண்டிய நாளில் அந்தச் சின்னச் செடி காய்க்குச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தால் இரண்டும் அரைகுறையாகும். கிள்ளிய விரலில் பச்சையும் மஞ்சளுமாகக் கறை ஒட்டும். சோப்பு போட்டால் நுரைகூட மஞ்சளாக வரும், பயப்படாதீர்கள்.

செடி வேர் பிடித்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏழிலிருந்து பத்து நாளுக்குள் நடுக்குருத்தில் வெளிர்பச்சையாகப் புது இலை விரியும். அதைவிட நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இலையின் ஓரத்தில், ஒவ்வொரு பல் நுனியிலும் மட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் மணி மாதிரி நிற்கும். பனியென்றால் இலை முழுக்கப் படிந்திருக்கும். இது பனி இல்லை. இரவில் வேர் கீழிருந்து நீரைத் தள்ளுகிறது, ஆவியாக வழியில்லாததால் இலை ஓரத்தில் கசிகிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து தினசரித் தண்ணீரை நிறுத்திவிட்டு, மண் காயக் காய, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை ஆழமாக ஊற்றினால் போதும்.

வணக்கம்.