மூடுவதற்கு முன்னால் பாருங்கள்

வணக்கம். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். சொந்தமாக ஒரு வீடு கட்ட இறங்கினபோதுதான், அங்கே படித்த பாடம் அத்தனையும் இங்கேயும் வேண்டியிருக்கிறது, ஆனால் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை என்று தெரிந்தது. எல்லாம் முடிந்த பிறகு டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறோம், சுவரைத் தடவிப் பார்க்கிறோம். டெமிங் என்று ஒரு அமெரிக்கர், 1950-இல் ஜப்பானுக்குப் போய்த் தரக்கட்டுப்பாடு பற்றிப் பாடம் எடுத்தவர். கடைசியில் சோதித்துப் பார்ப்பதை நம்பி இருக்காதே, செய்யும்போதே தரம் வரவேண்டும் என்பதுதான் அவர் கட்சி. வீட்டுக்கு இது இன்னும் பொருந்தும். தளத்துக்குள் போய்விட்ட கம்பியை யாரால் வெளியே எடுத்துப் பார்க்க முடியும்?

என் குளியலறைக் கதையைச் சொல்கிறேன். குடிவந்த முதல் வாரமே மூலையில் தண்ணீர் தேங்கியது. ஏன் என்று டைல்ஸ்காரரைக் கேட்டேன். "வாட்டம் கொடுக்க இடமே இல்ல சார், பைப் வாய் மேல நிக்குது" என்றார். வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. பிளம்பரைக் கேட்டால், தளத்தை இறக்கினது பத்தவில்லை, பைப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்கிறார். மேஸ்திரியோ, டிராயிங்கில் எவ்வளவு இறக்குவது என்று போடவில்லை, வழக்கமாக இறக்குவதை இறக்கினேன் என்றார். சரி, டிராயிங் போட்டவர்? எந்த மாதிரி டாய்லெட் வைக்கப்போகிறீர்கள், பைப் தரைக்குள் போகுமா சுவருக்குள் போகுமா என்று அவர் இரண்டு தடவை கேட்டு, நான்தான் அப்புறம் சொல்கிறேன் என்று மறந்திருக்கிறேன். கோளாறின் வேரைப் பிடிக்க, டொயோட்டாவில் ஐந்து தடவை 'ஏன்' கேட்கச் சொல்வார்கள். எனக்கு நாலிலேயே கேள்வி வீட்டுக்காரரிடம் வந்து நின்றுவிட்டது!

இஷிகாவா என்ற ஜப்பானியர் ஒன்று சொல்வார்: உனக்கு அடுத்து வேலை செய்கிறவன்தான் உன் வாடிக்கையாளர். பிளம்பருக்கு வாடிக்கையாளர் டைல்ஸ்காரர். மாடிக் குளியலறையில் இதைச் செய்து பார்த்தேன். டைல்ஸ்காரரை முன்கூட்டியே வரவழைத்தோம், அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து "இன்னும் அரை அங்குலம் இறக்குங்க" என்றார், பிளம்பர் முணுமுணுத்தார், ஆனால் இறக்கினார். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி விட்டோம். கீழ்த்தளத்துக் கூரையில் ஈரமில்லை. அதற்குப் பிறகுதான் பிளம்பருக்குக் காசு. மறுபடியும் சொல்கிறேன், மூடுவதற்கு முன்னால், அடுத்த ஆள் பார்க்கவேண்டும்.

கான்கிரீட் பற்றி நிறைய வைத்திருந்தேன், நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். தளம் போடும் அன்று காலையில் ஏறி, கம்பிக்கடியில் கவர் பிளாக், அதாவது கம்பி அடிப்பலகையைத் தொடாமல் தூக்கி வைக்கும் சின்னக் கட்டை, நகராமல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அப்புறம் தண்ணீர். கலவை இறுகுகிறது என்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றுவார்கள், கொட்டுவதற்குச் சுகம், பலம் போய்விடும். அதே கலவையில் வார்த்து வைத்த சோதனைக் கட்டியை 28-ஆம் நாள் உடைத்துப் பார்க்கும்போதுதான் அது தெரியும், அதற்குள் அந்தத் தளத்தின் மேல் அடுத்த மாடிச் சுவர் எழும்பியிருக்கும். வணக்கம்.